தன்னை அளக்க விடாதவர்

"பாதிதான் ஊத்தணும். முழுசா ஊத்திட்டியா? ஊத்திட்டா. இன்ஜினியருக்குப் படிச்சவ. ஒரு கெட்டில்ல பாதி எதுன்னு தெரியல."

அப்பா சமையலறையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, வீங்கிய கால்களை இன்னொரு நாற்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு வேலை வாங்கிக்கொண்டிருந்தார். மகள் வேலை செய்துகொண்டிருந்தாள். கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிந்திருந்த உப்பை வினிகர் ஊற்றிக் கரைக்கும் வேலை. அந்த வீட்டில் கெட்டில் பக்கமே போகக் கூடாத ஆள் ஒருவர் உண்டென்றால் அது அப்பாதான். நாளுக்கு ஒரு லிட்டர், அதற்கு மேல் ஒரு வாய் கூடாது என்று மருத்துவர் கறாராகச் சொல்லியிருந்தார். அதற்காக மற்றவர்கள் குடிக்கும் தண்ணீரின் தரத்தை விட்டுக்கொடுக்க முடியுமா?

"ஊறட்டும் விடு. சுரண்டாதே. சுரண்டினா கீறல் விழும், கீறல்ல மறுபடியும் உப்பு உக்காரும். எல்லாத்துலயும் அவசரம் உனக்கு."

அவள் சுரண்டவில்லை. கையில் ஒரு கரண்டிகூட இல்லை. இருவரும் நுரை அடங்குவதைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். அவர்கள் சேர்ந்து செய்த கடைசி வேலை அதுதான். இன்னும் கொஞ்சம் கௌரவமான வேலையாக அமைந்திருக்கலாம். அமையவில்லை.

அப்பா ஒரு பொது நீச்சல் குளத்தில் தண்ணீருக்குப் பொறுப்பாளர். குளத்துக்கு அல்ல, தண்ணீருக்கு. இந்த வித்தியாசத்தை யாராவது மறந்தால் நினைவூட்டுவார். நீச்சல் சொல்லித் தருபவர், உயிர்காப்பாளர், சீட்டுக் கொடுப்பவர், பெட்டகச் சாவி கொடுப்பவர் எல்லோரும் அவர் கணக்கில் கரையில் நின்று வேடிக்கை பார்ப்பவர்கள். அவருக்கு நீச்சல் தெரியாது. ஏன் கற்றுக்கொள்ளவில்லை என்று கேட்டால், "சமையல்காரன் அண்டாவுக்குள்ள குதிச்சா பார்க்கிறான்?" என்பார்.

காலையில் கதவு திறக்கும் முன் குளத்தின் விளிம்பில் மண்டியிட்டு, முழங்கை வரை கையை விட்டு, ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் எடுப்பார். மேலோட்டமாக அள்ளுகிறவர்களை அவர் மனிதர்களாகவே மதித்ததில்லை. அதில் சிவப்பு மருந்தைச் சொட்டு விட்டு, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நிறம் பார்ப்பார். அமிலம் ஏறியிருக்கிறதா, காரம் ஏறியிருக்கிறதா என்று அந்த நிறம் சொல்லும். அளவு ஏழரையில் நின்றால் திருப்தி. "ஏழரை!" என்று குளம் முழுக்கக் கேட்கும்படி அறிவிப்பார். அவருக்கு ஏழரை என்றே பெயர் நிலைத்துவிட்டது. "ஏழரை வருது, ஒழுங்கா குளிச்சிட்டு இறங்குங்க," என்று உயிர்காப்பாளர் கூட்டத்தை எச்சரிப்பார். அது அளவைக் குறிக்கிறதா, ஆளைக் குறிக்கிறதா என்று அப்பா ஒருநாளும் ஆராயவில்லை. பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார்.

விருந்தினர் முன்னால் சொல்ல அவரிடம் ஒரே ஒரு விஷயம்தான் உண்டு. நீச்சல் குளத்தில் மூக்கைத் துளைக்கிறதே ஒரு நெடி, அது குளோரின் நெடி இல்லை. குளோரினும் சிறுநீரும் கலந்தால் வரும் நெடி. "சுத்தமான குளம் மணக்கவே மணக்காது. மணந்துச்சுன்னா எவனோ கைவரிசையைக் காட்டியிருக்கான்னு அர்த்தம். ஊர்ல இருக்கிற அத்தனை சிறுநீரகமும் என் குளத்துலதான் வேலை செய்யுது." சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் தட்டைப் பார்ப்பார்கள். அம்மா அவரைப் பார்ப்பாள்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மண்டியிடுவார். கூட்டம் அதிகமானால் இன்னும் அடிக்கடி. "தண்ணிய நம்பவே கூடாது. பார்த்தா பளிங்கு மாதிரி இருக்கும். உள்ள என்ன சதி பண்ணுதுன்னு அளந்தாத்தான் தெரியும்." இப்படிப்பட்டவரிடம், கடைசியாக இரத்தப் பரிசோதனை செய்தது எப்போது என்று மருத்துவர் கேட்டபோது, கொஞ்சம் யோசித்துவிட்டு, "வேலையில சேர்றப்ப," என்றார். மகள் அப்போது பிறந்திருக்கவில்லை.

உடம்பு தன்னால் ஆன மட்டும் சொல்லித்தான் பார்த்தது. களைப்பு வந்தது. வயசு என்றார். கால் வீங்கியது. ஷூ சரியில்லை என்றார். சிறுநீர் நுரைத்தது. அன்று மட்டும் அம்மாவைக் கூப்பிட்டு விசாரணை நடத்தினார். "கக்கூஸ் கழுவுற லிக்விடை மாத்திட்டியா?"

சிறுநீரக மருத்துவர் மகளைவிட இளையவர், பொறுமைசாலி. படம் வரைந்து விளக்கினார். அவரைக்கொட்டை வடிவத்தில் இரண்டு சிறுநீரகம். நாளுக்கு நூற்றெண்பது லிட்டர் வடிகட்டும். அதில் ஒன்றரை லிட்டரை மட்டும் வெளியே விட்டுவிட்டு மீதியை எல்லாம் இரத்தத்துக்கே திருப்பிக் கொடுத்துவிடும். அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. நோயாளி என்று அழைத்து வரப்பட்டவருக்குத் தொழில் பேச ஓர் ஆள் கிடைத்துவிட்டார்.

"ஒரு நாளைக்கு எத்தனை ரவுண்டு, டாக்டர் தம்பி?"

"ரத்தத்துல இருக்கிற நீர்ப்பகுதியை மட்டும் கணக்குப் பண்ணா ஒரு அறுபது தடவை சார்."

"அறுபதா!" மகள் பக்கம் திரும்பினார். "நம்ம பம்பு நாலு ரவுண்டுக்கே கொதிக்குது. வாரன்டி எவ்வளவு தம்பி?"

"உங்களுக்கு அதுதான் சார் முடிஞ்சுட்டு வருது."

அப்பா அதை நல்ல நகைச்சுவையாக எடுத்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தார்.

இரத்தத்தின் அமில காரச் சமநிலை ஏழு புள்ளி நான்கில் நிற்க வேண்டும், அதை நிறுத்தி வைப்பதில் சிறுநீரகத்துக்குப் பெரிய பங்கு உண்டு என்று கேள்விப்பட்டதும் அவரைக் கையில் பிடிக்க முடியவில்லை. "பார்த்தியா? என் குளம்தான் உள்ளயும் ஓடுது!" அந்தச் சமநிலைக்காக மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரை வெறும் சோடா உப்பு. குளத்தில் அவர் மூட்டை மூட்டையாகக் கொட்டும் அதே சரக்கு. "நான் மூட்டையில போடறேன், அவரு மாத்திரையில போடறாரு. படிப்பு ஒண்ணுதான்." அன்றிலிருந்து மருத்துவரைச் சக ஊழியராக நடத்தத் தொடங்கினார். சக ஊழியர்கள் சொல்லி அவர் எதையும் கேட்டதாகச் சரித்திரம் இல்லை.

இரத்தம் குறைந்துவிட்டது என்று ஊசி போட்டபோதும் விளக்கம் கேட்டார். சிவப்பணு செய்யச் சொல்லி எலும்பு மஜ்ஜைக்கு ஆணை அனுப்பும் ஹார்மோன் சிறுநீரகத்திலிருந்துதான் கிளம்புகிறது, இப்போது அது சரியாகக் கிளம்பவில்லை என்றார் மருத்துவர். "கழிவு வேலைக்கு வெச்ச ஆளுங்கன்னு நெனச்சேன்," என்று அப்பா வீடு திரும்பும் வழியெல்லாம் ஆச்சரியப்பட்டார். "ரத்தத்தைப் பாரு, எலும்பைப் பாரு, பிரஷரைப் பாரு. எல்லாத்தையும் ரெண்டு பேர் தலையில கட்டியிருக்காங்க. யூனியன் இல்லைல்ல, அதான்."

ஒரு லிட்டர் கட்டுப்பாட்டை அம்மா கையில் எடுத்துக்கொண்டாள். தினமும் காலையில் ஒரு பாட்டிலை நிரப்பி மேசையில் வைப்பாள். "நான் இவரை என்னைக்கோ தண்ணி தெளிச்சு விட்டாச்சு. டாக்டர் இப்பத்தான் வந்து தண்ணி குடுக்காதேங்கிறாரு," என்று யார் வந்தாலும் சொல்வாள். அப்பா பாட்டிலைப் பார்த்துப் பணிவாகத் தலையாட்டுவார். அந்தப் பணிவைக் கண்டு யாராவது ஒருவராவது சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

குளத்துத் தொழிலில் ஒரு வைத்தியம் உண்டு. நாள்பட்ட தண்ணீரில் கரைந்த சரக்கு சேர்ந்துகொண்டே போகும். எந்த மருந்துக்கும் மசியாது. அப்போது கொஞ்சம் தண்ணீரை வெளியேற்றிவிட்டு, புதுத் தண்ணீர் விட்டு நீர்க்க வைக்க வேண்டும். எளிய வைத்தியம், தவறாமல் பலிக்கும். இரத்தத்தில் யூரியாவும் கிரியாட்டினினும் ஏறிக்கிடக்கின்றன என்று அறிக்கை வந்த அன்றே அப்பா முடிவு செய்துவிட்டார். வீட்டில் ஒரு லிட்டர். குளத்துப் பம்பு அறையில், இயந்திரச் சத்தத்துக்கு நடுவே, வயிறு முட்டப் புதுத் தண்ணீர்.

மகள் ஒரு தொழிற்சாலையில் அளவீட்டுக் கருவிகளையும் வால்வுகளையும் சரிபார்ப்பவள். எண்ணைப் பார்க்காமல் எதையும் நம்பாதவள். அந்தப் புத்தி எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. உடம்பில் தேங்கும் தண்ணீர் எடையில் காட்டிக்கொடுத்துவிடும் என்று குளியலறையில் ஓர் எடை இயந்திரம் வாங்கி வைத்தாள். அப்பா தினமும் அதில் ஏறி எண்ணை உள்ளிருந்தே உரக்கச் சொல்வார். எடை இம்மியும் ஏறவில்லை. இவ்வளவு ஒழுங்கான நோயாளி கிடைக்க மருத்துவர் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ஒருநாள் கதவு சரியாகச் சாத்தியிருக்கவில்லை. அப்பா இயந்திரத்தின் மேல் நின்றபடி, ஒரு கையால் கைகழுவும் தொட்டியை ஊன்றி அழுத்திக்கொண்டிருந்தார். முள் தனக்குப் பிடித்த எண்ணுக்கு வரும் வரை, கூட்டி, குறைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு சரிசெய்துகொண்டிருந்தார்.

"என்னப்பா பண்றீங்க?"

"கேலிபரேஷன்," என்றார்.

அவள் அவரைக் கட்டிலில் உட்காரவைத்துக் காலுறையைக் கழற்றினாள். முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்திவிட்டு விரலை எடுத்தாள். குழி அப்படியே நின்றது. இருவரும் அதைப் பார்த்தார்கள்.

"எவ்வளவு குடிக்கிறீங்க?"

"கொஞ்சம் கூடத்தான். நீர்க்க வைக்கணும்ல?"

"யார் சொன்னது?"

"உன் டாக்டரேதான். ரத்தம் கெட்டியானா மூளை ஒரு ஹார்மோனை அனுப்பி, தண்ணிய விடாதே பிடிச்சு வைன்னு சொல்லுமாம். நீர்த்துப்போச்சுன்னா அந்த ஹார்மோனை நிறுத்திடுமாம், கூடுதல் எல்லாம் வெளிய போயிடுமாம். அப்ப நான் ஊத்த ஊத்த அது தள்ளணுமா வேண்டாமா? படிச்சவதானே, நீயே சொல்லு."

இதில் கொடுமை என்னவென்றால், அவர் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. மூளையின் அடியில் உட்கார்ந்து இரத்தத்தின் அடர்த்தியை ஓயாமல் அளந்துகொண்டிருக்கும் பகுதி தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது. சிறுநீரகத்தின் தலையில் குல்லாய் போட்டதுபோல் இருக்கும் சுரப்பி, சோடியத்தைப் பிடித்து வை, பொட்டாசியத்தைத் தள்ளு என்று ஆணை போட்டுக்கொண்டுதான் இருந்தது. ஆணைகளுக்குக் குறைவே இல்லை.

"சிக்னல் சரியா வருதுப்பா. வால்வுதான் வேலை செய்யல."

"ஏன் செய்யல?"

"பிரஷர். வருஷக்கணக்கா அடிச்சு அடிச்சுப் போயிடுச்சு."

"பிரஷரைப் பார்த்துக்கிறதும் அதோட வேலைன்னாரே. அதுவே ஏன் ஏத்திவிட்டுது?"

வேறு யாருடைய சிறுநீரகமாவது இருந்தால் இந்தக் கேள்வியை அவள் ரசித்திருப்பாள். பழுதான சிறுநீரகத்துக்கு இரத்தம் சரியாக வந்து சேராது. கோளாறு தன்னிடம் என்று அதற்குத் தோன்றவே தோன்றாது. உடம்பு முழுக்க அழுத்தம் குறைந்துவிட்டது என்று முடிவு கட்டி, ஏற்று ஏற்று என்று ஹார்மோன் விட்டு அனுப்பும். ஏறிய அழுத்தம் அதையே இன்னும் கெடுக்கும். கெடக் கெட அதன் சத்தம் கூடும். தான் பழுதாகிவிட்டு ஊரைத் திருத்தப் புறப்படும் அதிகாரிகளை அவள் தொழிற்சாலையில் நிறையப் பார்த்திருக்கிறாள். வீட்டிலும் ஒருவர் எதிரே காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அதுக்கு ரீடிங் தப்பா வருதுப்பா. தப்பான ரீடிங்கை நம்பிக்கிட்டு ஆடுது."

"அப்ப அளக்கத் தெரியாத ஆள்னு சொல்லு," என்றார் அப்பா, காலுறையை இழுத்து மாட்டிக்கொண்டு.

அடுத்த வாரம் ஒரு காலையில் ஷூ நாடாவைக் கட்டக் குனிந்தவர் மூச்சுக்குத் திணறி நிமிர்ந்தார். மறுபடி குனிய முடியவில்லை. தண்ணீர் நுரையீரல் வரை வந்துவிட்டிருந்தது. வாழ்நாளெல்லாம் தண்ணீரில் இறங்காதவர் தன் உள்ளேயே மூழ்கத் தொடங்கியிருந்தார். மருத்துவமனையில் ஊசி போட்டு வடித்தார்கள். இனி இயந்திரத்தின் வழியாகத்தான் இரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும், பொட்டாசியம் இதயத்தை நிறுத்தும் அளவின் விளிம்பில் நிற்கிறது, தள்ளிப்போடுவது நல்லதல்ல என்றார் மருத்துவர்.

அப்பா அந்த டயாலிசிஸ் பிரிவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பிவிட்டார். இரத்தம் குழாயில் ஓடுவதைப் பார்த்தார். வடிகட்டியைத் தட்டிப் பார்த்தார். அங்கே இருந்த தொழில்நுட்பரிடம், "இந்த மெஷினுக்குப் போற தண்ணியில குளோரின் இருக்கக் கூடாது. தெரியுமா உங்களுக்கு?" என்று மிடுக்காகக் கேட்டார்.

"காலையிலயே பார்த்தாச்சு சார். மதியமும் பார்ப்போம்."

அப்பாவுக்கு முகம் தொங்கிவிட்டது. அவரைக் குறை சொல்ல விடாத இடத்தில் அவரால் எப்படிப் படுத்துக்கொள்ள முடியும்?

"வெளிய ஒரு ஃபில்டர் பிளான்ட். நல்லாத்தான் இருக்கு," என்றார் மருத்துவரிடம். "ஆனா என்னோடது இன்னும் ஓடுது தம்பி. ஓடுறதை நிறுத்தச் சொல்லாதீங்க."

"எவ்வளவு ஓடுதுன்னு பார்த்துடலாம் சார். ஒரு நாள் முழுக்கச் சிறுநீரைச் சேர்த்துக் கொண்டுவாங்க. அளந்தா தெரிஞ்சுடும். அப்புறம் நீங்களே ஒத்துக்குவீங்க."

ஒரு பெரிய பிளாஸ்டிக் கேன் வீட்டுக்கு வந்தது. வந்த வேகத்தில் துணி அலமாரியின் உச்சிக்குப் போனது. "என் தண்ணிய எவனோ ஒருத்தன் அளக்கறதா? அசிங்கம்." ஆதாரம் இல்லாமல் ஒத்துக்கொள்ள மாட்டாராம். ஆதாரத்தையும் தர மாட்டாராம். மருத்துவர் தொலைபேசியில் கேட்டார். அம்மா கெஞ்சினாள், திட்டினாள். மகள் ஒருமுறை அழுதுகூடப் பார்த்தாள். அவர் பிடித்த பிடியை விடவில்லை. ஒவ்வொரு நாளும் பொட்டாசியம் எங்கே நிற்கிறதோ என்ற கணக்கு மட்டும் அவள் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

அப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. கெட்டிலுக்குள் வினிகர் நுரைத்துக்கொண்டிருந்தபோது அவள் போகிற போக்கில் கேட்பதுபோல் கேட்டாள்.

"குளத்துத் தண்ணி வாரா வாரம் வெளி லேபுக்குப் போகுதுல்லப்பா?"

"போகும். போகணும்."

"தினமும் நீங்களே பார்க்கறீங்களே. அப்புறம் எதுக்கு?"

"என்ன பேசற நீ? நம்ம கையால எடுத்து, நம்ம கண்ணால பார்த்து, நாமளே சரின்னு சொல்லிக்கிட்டா ஆச்சா? அவனவன் தண்ணிய அவனவன் நல்லா இருக்குன்னுதான் சொல்லுவான். அதுக்குத்தான் வெளி ஆளு..."

நிறுத்தினார். அவள் கெட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெயித்துவிட்ட முகத்தைக் காட்டினால் காரியம் கெட்டுவிடும்.

அப்பா கால்களை நாற்காலியிலிருந்து ஒவ்வொன்றாக இறக்கினார்.

"அந்தக் கேன் எங்க?"

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினார். விடிந்ததும் போன முதல் சிறுநீரைக் கேனில் விடவில்லை. "முதல் தண்ணிய விட்டுடணும். பைப்புல நின்னது சாம்பிள் ஆகாது." ஆய்வகம் கொடுத்த தாளிலும் அப்படித்தான் போட்டிருந்தது. தன்னைக் கேட்டுத்தான் அந்தத் தாளையே அச்சடித்தார்கள் என்பதுபோல் நடந்துகொண்டார். அடுத்ததைச் சேர்த்து, மூடியைத் திருகி, கேனைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு வந்தார்.

"எங்க கொண்டு வர்றீங்க அதை?" என்றாள் அம்மா.

"ஃபிரிட்ஜுக்கு."

"என் ஃபிரிட்ஜுக்கா?"

"குளிர்ல இருக்கணும். இல்லேன்னா ரீடிங் கெட்டுடும்."

"பால் வைக்கிற இடங்க அது! ஏம்மா, நீ சொல்லேன் இந்த மனுஷன்கிட்ட."

"அப்பா சொல்றது சரிதாம்மா. மூடி இறுக்கமாத்தான் இருக்கு."

"அப்பனும் பொண்ணும் ஒண்ணா சேர்ந்துக்குங்க. நாளைக்கு வீட்டுக்கு வர்றவங்களுக்கு ஜூஸுன்னு ஊத்திக் குடுக்கறேன் பாருங்க."

"குடு. ஏழரை இருக்கா இல்லையான்னு அவங்களே சொல்லிடுவாங்க."

அம்மா பால், காய், மிச்சம் மீதி எல்லாவற்றையும் எடுத்து வெளியே மேசையில் அடுக்கினாள். கேன் போகும் வரை அந்தப் பெட்டிக்குள் ஒரு சாமான் வைக்க மாட்டேன், கெட்டுப்போவதற்கெல்லாம் இந்த மனுஷன்தான் பொறுப்பு என்றாள். அப்பா காலியான தட்டின் நடுவில் கேனை வைத்து, சாய்கிறதா என்று ஒருமுறை ஆட்டிப் பார்த்துக்கொண்டார்.

"நாளைக்குக் காலையில நானே லேபுல கொண்டுபோய்க் குடுக்கறேன்," என்றார் மகளிடம். "நீ கொண்டுபோனா ஆட்டிக்கிட்டே போவ."

அவள் வேலைக்குப் போனாள். மதியம் அம்மா கூப்பிட்டாள். ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தபடியே போயிருந்தார். பொட்டாசியம் எல்லை தாண்டினால் இதயம் நோட்டீஸ் கொடுப்பதில்லை. சோடியத்தைப் பிடித்து வை, பொட்டாசியத்தைத் தள்ளு என்ற ஆணை அன்றைக்கும் நேரம் தவறாமல் கிளம்பியிருக்கும்.

ஆட்கள் வந்தார்கள், இருந்தார்கள், போனார்கள். குளத்து உயிர்காப்பாளர் வந்து, நல்ல மனுஷன் என்று சொல்லிவிட்டுப் போனார். எல்லாம் முடிந்து வீடு காலியான காலையில் ஆய்வகத்திலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தாள்.

"சாம்பிள் கொண்டு வர்றதா சார் பேர் குடுத்திருந்தார். இன்னைக்கு வருவாரா?"

"இல்லைங்க," என்றாள் மகள். "வரமாட்டார்."

அவளுக்குத் தெரியும். நாள் முழுக்கச் சேர்க்காத சிறுநீரை அளந்து ஒரு பயனும் இல்லை. எந்த ஆய்வகமும் அதை வாங்காது. கழிப்பறையில் கொட்டிவிட்டுக் கேனைக் கழுவி வைக்க வேண்டியதுதான். சமையலறைக்குப் போய் ஃபிரிட்ஜைத் திறந்தாள். வெறும் தட்டின் நடுவே, கால்வாசிகூட நிரம்பாமல், கேன் நின்றது.

பின்னால் அம்மா வந்தாள். கையில் அன்றைக்கு வாங்கிய பால் பாக்கெட். மகளைத் தோளால் மெல்ல ஒதுக்கிவிட்டு, கேனின் மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று திருகிப் பார்த்தாள். அதைக் கொஞ்சம் உள்ளே நகர்த்தி, முன்னால் கிடைத்த இடத்தில் பாலை வைத்துவிட்டு, கதவைச் சாத்தினாள்.